பத்தில் போக மிச்சம்

சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலையின் மீலாத் விழாவில் என்னையும் பேச விட்டார்கள். 'அறிவியல் வளர்ச்சியில் முஸ்லிம்களின் பங்களிப்பு' என்பது தலைப்பு. இந்தத் தலைப்பில் எல்லோரும் பேசுவதைத்தான் நானும் பேசினேன். பக்தாத், பைத்துல் ஹிக்மா, இப்னு சீனா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய், கடைசியில் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "அல்ஜிப்ராவைக் கண்டுபிடித்து உலகுக்குக் கொடுத்தவர் அல் குவாரிஸ்மி" என்று முடித்தேன். கைதட்டல் கிடைத்தது. அடுத்த நாள் பத்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் எழும்பி, "சேர், அவர் செஞ்ச கணக்கு ஒண்டு சொல்லுங்களன்" என்றான்.

குறும்புக்குக் கேட்ட கேள்வியல்ல. பையனின் முகத்தில் உண்மையான ஆசை தெரிந்தது. ஆனால் என்னிடம் பதில் இல்லை. அட்சரகணிதம் படிப்பித்துப் பல வருடமாகிறது. ஆசிரிய கலாசாலையில் அதை எப்படிப் படிப்பிப்பது என்பதற்கு எத்தனையோ பாடக்குறிப்புகள் எழுதியிருக்கிறேன். அல் குவாரிஸ்மியின் பெயரை மேடையில் சொன்னேனே தவிர, அந்த மனிதர் செய்த ஒரேயொரு கணக்கையாவது நான் கண்ணால் கண்டதில்லை. "பிறகு சொல்றன் மகன், இரி" என்று சொல்லிக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கடனை அடைக்கத் தேடியதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கட்டுரையில் எழுத்துகளும் குறிகளும் கொண்ட சமன்பாடு ஒன்றுகூட வராது. அல் குவாரிஸ்மியும் அப்படி எழுதியவர் அல்லர். எண்களைக்கூடச் சொற்களாகவே எழுதினார்.

பிரச்சினை இதுதான். ஒரு வளவைச் சுற்றி வேலியடைக்க 40 முழம் தேவை. வளவின் பரப்பு 96 சதுர முழம். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு? தெரியாத கணியங்கள் இரண்டு, தந்திருக்கும் தகவல்கள் இரண்டு. இரண்டு தகவலும் கூட்டலாகவோ கழித்தலாகவோ இருந்தால் வேலை இலகு; ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஒரு கணியம் தானாக ஒழிந்துபோகும். இங்கே ஒன்று கூட்டல், மற்றது பெருக்கல். நீளமும் அகலமும் சேர்ந்து 20, இரண்டையும் பெருக்கினால் 96. பெருக்கல் உள்ளே வந்தவுடன் கழித்து ஒழிக்கும் வித்தை பலிக்காது. அப்போது செய்யக்கூடியது, ஒரு கணியத்தை மற்றதைக் கொண்டு சொல்லி, அப்படிச் சொன்னதை அந்தக் கணியம் இருந்த இடத்தில் வைப்பது. அகலம் என்பது இருபதில் நீளம் போக மிச்சம். நமது பாடநூல்கள் இதைப் பிரதியீடு என்கின்றன. பிள்ளைகள் இதை ஐந்து புள்ளிக்கான வேலையாகப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்திருந்தேன்.

தேடத் தொடங்கியதும் முதலில் அடிபட்டது என்னுடைய மேடைப் பேச்சுத்தான். பாரிஸ் லூவர் நூதனசாலையில், இன்றைய ஈராக் மண்ணிலிருந்து போன களிமண் ஏடு ஒன்று இருக்கிறது. நாற்பக்கப் பட்டகம் போன்ற வடிவம், ஆப்பெழுத்து. ஆய்வாளர்கள் அதனை ஏ.ஓ. 8862 என்ற இலக்கத்தால் குறிப்பிடுவர். காலம் ஏறத்தாழ கி.மு. 1800. அதாவது அல் குவாரிஸ்மிக்கு ஏறக்குறைய 2600 ஆண்டுகள் முந்தியது. அதில் உள்ள முதற் கணக்கின் சாரம் இது: ஒரு காணியின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பரப்பு எடுத்தேன், நீளம் அகலத்தை விட எவ்வளவு கூடவோ அதையும் பரப்போடு சேர்த்தேன், 183 வந்தது, நீளத்தையும் அகலத்தையும் கூட்டினேன், 27 வந்தது. நீளம், அகலம், பரப்பு மூன்றும் என்ன? (அறுபதை அடியாகக் கொண்டு எண்ணிய அவர்கள் 183ஐ 'மூன்று அறுபதும் ஒரு மூன்றும்' என்று எழுதியிருக்கிறார்கள்.)

இதை நான் பல இரவுகள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். அந்தப் பெயர் தெரியாத எழுத்தர் செய்த முதல் வேலை, 183 உடன் 27ஐக் கூட்டியது. ஏன்? நீளம் அகலத்தை விடக் கூடியிருக்கும் அளவோடு நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் அகலம் ஒழிந்து இரண்டு நீளம் மிஞ்சும். ஆகவே கிடைக்கும் 210 என்பது பழைய பரப்பும் இரண்டு நீளமும் சேர்ந்தது. காணியின் அகலத்தை இரண்டால் கூட்டிவிட்டால் அந்தப் புதிய காணியின் பரப்புத்தான் 210! நீளமும் புதிய அகலமும் சேர்ந்து 29. இப்போது கலப்படம் நீங்கி, கூட்டுத்தொகையும் பெருக்குத்தொகையும் மட்டும் உள்ள சுத்தமான கணக்காகிவிட்டது. 29இன் பாதி பதினாலரை. அதன் வர்க்கம் 210¼. 210ஐக் கழித்தால் ¼. அதன் மூலம் ½. பதினாலரையோடு அரையைக் கூட்டினால் 15, கழித்தால் 14. சேர்த்த இரண்டை 14இலிருந்து திருப்பி எடுத்துவிட வேண்டும். நீளம் 15, அகலம் 12, பரப்பு 180.

பழைய அகலத்தின் இடத்தில் 'இரண்டு கூடிய அகலம்' என்ற புதிய ஒன்றை வைத்த இந்தச் செயல் பிரதியீடு அன்றி வேறென்ன? என் வகுப்பில் இதைச் சுயமாகச் செய்யக்கூடிய பிள்ளை ஒன்றிருந்தால் நான் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவேன்.

மேலே நான் சொன்ன 20, 96 கணக்கும் என் சொந்தக் கற்பனையல்ல. கிரேக்க மொழியில் எழுதிய அலெக்சாந்திரியாவின் தியோபந்தசுவின் நூலில் அதே எண்கள் இருக்கின்றன. அவர் 'இருபதில் போக மிச்சம்' என்று போகவில்லை. ஒன்று பத்திலும் கொஞ்சம் கூட, மற்றது பத்திலும் அதே அளவு குறைய என்று வைத்தார். பெருக்கினால் நூறில் அந்தக் 'கொஞ்சத்தின்' வர்க்கம் குறைந்து 96. எனவே கொஞ்சம் என்பது 2. விடை 12, 8. அழகான குறுக்குவழி. இந்தியாவில் 628ஆம் ஆண்டளவில் நூல் எழுதிய பிரமகுப்தரின் மரபில், தெரியாத கணியங்கள் பல வரும்போது அவற்றுக்குக் கறுப்பு, நீலம் என்று நிறங்களின் பெயரையே வைத்தார்கள். ஆகவே 'அல்ஜிப்ராவை நாம் கண்டுபிடித்தோம்' என்ற வாக்கியத்தை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. அப்படியானால் அல் குவாரிஸ்மிக்கு என்ன மிச்சம்? இதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

கொழும்பில் படிக்கும் என் மருமகன், பிரெட்ரிக் றோசன் என்பவர் 1831இல் லண்டனில் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை இணையத்திலிருந்து இறக்கி அச்சிட்டுக் கொண்டுவந்து தந்தான். ஒக்ஸ்போர்ட் நூலகத்தில் இருந்த அரபுக் கையெழுத்துப் பிரதியைக் கொண்டு செய்யப்பட்டது அது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். கலீபா அல் மஃமூனின் ஆட்சிக்காலம் 813 முதல் 833 வரை. அவர் கொடுத்த ஊக்கத்தால் எழுதியதாக நூலாசிரியர் முன்னுரையிலே சொல்கிறார். வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வழக்கு, வியாபாரம், நிலமளத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படுவதைச் சுருக்கமாகத் தருவதே நோக்கம் என்கிறார். நூலின் பாதியளவு வாரிசுரிமைக் கணக்குகளே. இரண்டு மகன்மாரை விட்டு ஒருவர் மௌத்தாகிறார். கையில் பத்துத் திர்ஹம், ஒரு மகன் தரவேண்டிய கடன் பத்துத் திர்ஹம், அந்நியர் ஒருவருக்கு மூன்றிலொன்று வஸிய்யத். இப்படிப் போகிறது முதற் கணக்கு. நமது ஊர்களில் இன்றும் பள்ளிவாசல் விறாந்தையில் பேசித் தீர்க்கும் சங்கதிதான்.

நான் தேடியது அதற்கு முந்திய பகுதியில் இருந்தது. பத்தை இரண்டு பங்காகப் பிரித்தேன், ஒவ்வொன்றையும் தன்னால் பெருக்கி இரண்டையும் கூட்டினேன், 58 வந்தது. பங்குகள் எவை?

இதற்கு அவர் இரண்டாவது பெயர் வைக்கவேயில்லை. ஒரு பங்கு 'ஷைஃ', அதாவது 'பொருள்'. மற்றது 'பத்தில் பொருள் குறைய'. இரண்டாவது தெரியாக் கணியம் பிறப்பதற்கு முன்பே முதலாவதற்குள் அடங்கிவிட்டது. அடுத்து அந்த மிச்சத்தைத் தன்னால் பெருக்க வேண்டும். கூட்டல் மட்டும் உள்ள கணக்கில் மிச்சத்தைத் தூக்கி அடுத்த இடத்தில் வைத்தால் போதும். வர்க்கம் வந்துவிட்டால் அந்த மிச்சத்தையே ஓர் எண்ணைப் போலப் பெருக்கத் தெரிய வேண்டும். இன்னதென்று தெரியாத ஒன்று குறைந்த பத்தை, அதே போன்ற இன்னொரு பத்தால் எப்படிப் பெருக்குவது? இதற்கென்றே அவர் முன்கூட்டி ஓர் அத்தியாயம் எழுதி வைத்திருக்கிறார். நூறு, அதில் இருபது பொருள் குறைய, பொருளின் வர்க்கம் ஒன்று கூட. குறைவும் குறைவும் பெருகினால் கூடுதல் என்பதும் அங்கேயே சொல்லப்படுகிறது. அந்தச் சிறு அத்தியாயத்தை வாசித்தபோதுதான் எனக்கு வெளிச்சம் வந்தது. பிரதியீடு நடப்பதற்குத் தேவையான ஆயுதத்தை அவர் தனியாகச் செய்து, கூராக்கி, பயன்படுத்துவோர் கையில் கொடுத்திருக்கிறார்.

இனி கணக்கு: இரண்டு வர்க்கமும் நூறும், இருபது பொருள் குறைய, சமன் 58. ஒரு பக்கம் குறைபட்டுக் கிடக்கிறது. அந்த இருபது பொருளைக் கொடுத்துக் குறையை நிரப்பி, மறுபக்கத்துக்கும் அதே அளவு சேர்ப்பதுதான் 'ஜப்ர்'. முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அரபியில் இதே சொல்தான். அல்-ஜப்பார் என்ற திருநாமத்தின் வேரும் இதுவே. ஸ்பெயின் மொழியில் முறிவு வைத்தியருக்கு 'அல்ஹெப்ரிஸ்தா' என்ற பெயர் வந்ததும் இந்த வழியால்தான். இப்போது இரண்டு வர்க்கமும் நூறும் சமன் 58உம் இருபது பொருளும். பாதியாக்கினால் ஒரு வர்க்கமும் ஐம்பதும் சமன் 29உம் பத்துப் பொருளும். இரு பக்கத்திலும் எண் இருக்கிறது. நேருக்கு நேர் நிறுத்தி 29ஐ இரண்டிலும் கழித்துவிடுவது 'முகாபலா'. ஒரு வர்க்கமும் 21உம் சமன் பத்துப் பொருள். வர்க்கத்துக்கு அவர் பாவிக்கும் சொல் 'மால்', நமது பைத்துல்மாலில் வரும் அதே மால்.

இங்கே வந்ததும் அவர் நின்று யோசிப்பதில்லை. ஏனென்றால் நூலின் தொடக்கத்திலேயே வர்க்கம், மூலம், எண் என்ற மூன்றும் ஒன்றோடொன்று சமனாகக்கூடிய வழிகள் ஆறுதான் என்று வகுத்து, ஒவ்வொன்றையும் தீர்க்கும் முறையைச் சொல்லி, கலப்பான மூன்றுக்கும் சதுரம் வரைந்து நிறுவலும் கொடுத்துவிட்டார். இது அந்த ஆறில் ஐந்தாவது. பொருள்களின் எண்ணிக்கையில் பாதி 5, வர்க்கம் 25, 21ஐக் கழிக்க 4, மூலம் 2, ஐந்திலிருந்து கழிக்க 3. மற்றப் பங்கு 7. இந்த ஐந்தாவது வகைக்குக் கழித்தாலும் ஒரு விடை, கூட்டினாலும் ஒரு விடை என்றும், பாதியின் வர்க்கம் அந்த எண்ணை விடக் குறைவாக வந்தால் கணக்கே சாத்தியமில்லை என்றும் எச்சரித்திருக்கிறார்.

பாபிலோனிய எழுத்தரின் கணக்கில் ஒரு தனிக் கெட்டித்தனம் இருக்கிறது. அவர்கள் காணியை வெட்டி ஒட்டிப் பார்த்தே இப்படிச் செய்தார்கள், காரணம் தெரியாமல் செய்யவில்லை என்று டென்மார்க் ஆய்வாளர் ஜென்ஸ் ஹொய்ருப் 2002இல் வெளியான தனது நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆனாலும் ஏட்டில் எழுதப்பட்டிருப்பது செய்முறை மட்டுமே. அல் குவாரிஸ்மி செய்தது வேறு. பெயர் வை, மிச்சத்தை அந்தப் பெயராலேயே சொல், பெருக்கு, குறையை நிரப்பு, நேர்நிறுத்து. எந்தக் கணக்கானாலும் ஆறு வாசல்களில் ஒன்றில் கொண்டுபோய் விடும். கெட்டித்தனம் இல்லாதவனும் நடந்து போகக்கூடிய பாதை. என்னைப் போன்ற ஒரு கிராமத்து வாத்தியாருக்கு இதன் பெறுமதி உடனே விளங்கும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் கெட்டிக்காரர் இரண்டு பேர். பாதை மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் வேண்டும்.

அடுத்த தலைமுறையில் எகிப்தின் அபூ காமில் இதை எங்கேயோ கொண்டுபோய்விட்டார். அவரும் பத்தைப் பிரிக்கிறார், ஆனால் மூன்று பங்காக. சிறியதையும் பெரியதையும் பெருக்கினால் நடுவின் வர்க்கம் வர வேண்டும். சிறியதின் வர்க்கத்தோடு நடுவின் வர்க்கத்தைக் கூட்டினால் பெரியதின் வர்க்கம் வர வேண்டும். பத்து என்ற நிபந்தனையை அவர் முதலில் ஒரு பக்கம் வைத்துவிடுகிறார். சிறிய பங்கு 1 என்று கொள்வோம். அப்போது பெரியதே நடுவின் வர்க்கம். அதை மற்ற நிபந்தனையில் வைத்தால், ஒன்றும் பெரியதும் சேர்ந்தது பெரியதின் வர்க்கம். இது ஆறு வகைக்குள் வந்துவிட்டது! பெரியது ஏறத்தாழ 1.618, நடு அதன் மூலம், 1.272. மூன்றும் சேர்ந்தால் 3.890. இதைப் பத்தாக்கும் விகிதத்தில் பெருக்கினால் சிறியது 2.571, நடு 3.270, பெரியது 4.159. அபூ காமில் தசமத்தில் எழுதவில்லை. 3125இன் மூலத்திலிருந்து 50ஐக் கழித்து, வருவதன் மூலத்தை ஐந்திலிருந்து கழித்தால் சிறிய பங்கு என்று சரிநுட்பமாகவே தருகிறார். மூலத்துக்குள் மூலம்! முழு எண்ணாக வராத இப்படியான விடைகளைக் கண்டு அவர் பின்வாங்கவில்லை. இவருடைய கணக்குகள் பல 1202இல் பீசா நகரத்து லியனார்டோவின் நூலில் குடியேறின. நமது மேடைகளில் அபூ காமிலின் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

உமர் கையாம் (1048–1131) பாதையைத் தலைகீழாக்கினார். ருபாயாத் என்றவுடன் நமது கவிஞர்களுக்கு முகம் மலரும். இதையும் அவர்கள் அறிய வேண்டும். இரண்டு கணியங்களை ஒன்றாக்குவது பிரதியீடு என்றால், ஒன்றாகக் கிடந்ததை அவர் இரண்டாகப் பிரித்தார். கனம் வரும் சமன்பாடுகளுக்கு அன்று பொது வழி இல்லை. ஒரு பொருளின் கனமும் நான்கு பொருளும் சேர்ந்து 16 என்று வைப்போம் (எண்கள் நான் போட்டவை, வழி அவருடையது). பொருளின் வர்க்கம் இன்னொரு கணியத்தின் இரு மடங்கு என்பது ஒரு பரவளைவு. அந்த இன்னொரு கணியத்தின் வர்க்கம், பொருளையும் 'நான்கில் பொருள் போக மிச்சத்தையும்' பெருக்கியது என்பது ஒரு வட்டம். இரண்டையும் வரைந்தால் தொடங்கும் புள்ளியை விட இன்னோர் இடத்திலும் வெட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் பொருள் 2. எட்டும் எட்டும் பதினாறு. ஒன்றை மற்றதில் பிரதியிட்டால் பழைய கனச் சமன்பாடு திரும்ப வரும். எண்களாலேயே இதைத் தீர்க்கும் வழி தமக்குக் கிட்டவில்லை என்றும், பின்வருவோர் காணக்கூடும் என்றும் கையாம் எழுதி வைத்தார். இத்தாலியர் கண்டார்கள், 1545இல் கார்டானோ அதை அச்சிட்டார். அவர் தமது நூலின் தொடக்கத்திலேயே இந்தக் கலை மூஸாவின் மகன் முஹம்மத் என்ற அரபியிடமிருந்து தொடங்கியது என்று கூறுகிறார். அல் குவாரிஸ்மியைத்தான் சொல்கிறார். 'பொருள்' என்ற சொல்லும் லத்தீனில் 'ரெஸ்', இத்தாலியத்தில் 'கோசா' என்று மொழிமாறி நடந்துகொண்டிருந்தது. 1637இல் டெக்கார்ட்டின் நூலோடு எழுத்துகள் நிலைத்தன. மிச்சத்தைப் பேச்சாலேயே சொல்லும் பழக்கம் மெல்ல மறைந்தது.

நமது சஞ்சிகைகளிலும் விழா மலர்களிலும் 'பங்களிப்பு' பற்றிய கட்டுரைகள் வருடாவருடம் வருகின்றன. பெயர்ப் பட்டியல் ஒன்று, ஐரோப்பா இருண்டிருந்தது என்று ஒரு வரி, நாம் ஏன் வீழ்ந்தோம் என்று ஒரு பெருமூச்சு. நானும் அப்படி இரண்டு மூன்று எழுதியவன்தான், மறைப்பதற்கில்லை. பாபிலோனைச் சொன்னால் நமது பெருமை குறைந்துவிடும் என்று ஒரு பயம் உள்ளூர இருந்திருக்கலாம். கணக்கைச் செய்து பார்த்த பிறகு அந்தப் பயம் எனக்குப் போய்விட்டது. அல் குவாரிஸ்மிகூடத் தாம் எல்லாவற்றையும் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. முன்னோர் விட்டுச்சென்றதைத் தெளிவாக்கி ஒழுங்குபடுத்துபவனுக்கும் இடமுண்டு என்பதுதான் அவரது முன்னுரையின் தொனி.

கேள்வி கேட்ட பையன் இதற்கிடையில் சாதாரண தரம் எழுதி, கட்டாருக்குப் போய்விட்டான். போன நோன்புப் பெருநாளைக்கு லீவில் வந்தவனைத் தைக்கா ஒழுங்கையில் கண்டேன். "மகன், அண்டைக்கு ஒரு கணக்குக் கேட்டாய்தானே" என்று 58 கணக்கைச் சொன்னேன். ஒரு நிமிடம் கூடப் போகவில்லை. "மூணும் ஏழும் சேர். போட்டுப் பார்த்தா வருதுதானே" என்று சிரித்தான். எனக்கு முகத்தில் அடித்தது போலாயிற்று. ஆனாலும் விடவில்லை. சேட்டுப் பையிலிருந்த தேநீர்க் கடைத் துண்டின் பின்புறத்தில் அபூ காமிலின் மூன்று பங்குக் கணக்கை எழுதிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தான், இரண்டு, மூன்று, ஐந்து, பிறகு இரண்டரை என்றான். பெருநாள் கழிந்து விமானமேறும் வரை விடை வரவில்லை. போன கிழமை கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். சீமெந்துப் பை ஒன்றைக் கிழித்த கடதாசியில் பென்சிலால், 'சின்னது ஒண்டு எண்டு வெச்சா?' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது.